மாதாமாதம் போகும் டாலர் சந்தா: கணக்கு ஏன் டேலி ஆவதில்லை?

மாதம் 9.99 டாலர் என்று ஒரு சந்தா. கிளவுட் சேமிப்பிடமாக இருக்கலாம், ஏதாவது ஒரு மென்பொருளாக இருக்கலாம். தொகை மாறுவதில்லை, தேதியும் மாறுவதில்லை, ஆகவே சொந்தக் கணக்கு எழுதும் மென்பொருளில் இதை ஒரு தொடர் பதிவாகப் போட்டுவிட்டால் அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றும். இரண்டு மாதம் கழித்து கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒப்பிட்டால் ஒரு மாதம் கொஞ்சம் கூடுதல், ஒரு மாதம் கொஞ்சம் குறைவு, எதுவும் ஒட்டவில்லை. விகிதத்தைத் தானாக இணையத்தில் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தாலும் ஒட்டுவதில்லை. மென்பொருளில் பிழை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள், வங்கி ஏமாற்றுகிறது என்று சிலர். பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

எடுத்துக்காட்டுகளில் சொந்த நாணயத்தை ரூபாய் என்றும் வெளிநாட்டு நாணயத்தை டாலர் என்றும் எழுதுகிறேன். விகிதங்கள் கணக்கு எளிதாக இருப்பதற்காக நானே போட்டவை. ரிங்கிட், பவுண்டு, யூரோ என எதில் கணக்கு எழுதுபவருக்கும் முறை இதுதான்.

## முதலில் சில சொற்கள்

1. அடிப்படை நாணயம்: உங்கள் கணக்குப் புத்தகம் எந்த நாணயத்தில் மொத்தம் காட்டுகிறதோ அது. அறிக்கைகள் எல்லாம் கடைசியில் இதற்கு மாற்றப்படும்.
2. தொடர் பதிவு: குறிப்பிட்ட இடைவெளியில் மென்பொருள் தானாக உருவாக்கும், அல்லது உருவாக்கட்டுமா என்று கேட்கும் பதிவு. உள்ளே இருப்பது ஒரு வார்ப்பு: எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எவ்வளவு.
3. இரட்டைப் பதிவு: ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம். கார்டில் 800 போனால் செலவுக் கணக்கில் 800 ஏற வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது.
4. மாற்று விகிதம்: ஒரு நாணயத்தின் ஓர் அலகுக்கு இன்னொரு நாணயத்தில் எவ்வளவு என்பது.

மூன்றும் நான்கும் சேரும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பக்கம் டாலர், மறுபக்கம் ரூபாய் என்றால் "சமம்" என்பதற்கு என்ன பொருள்? ஏதோ ஒரு விகிதத்தில் பெருக்கினால் சமம், அவ்வளவுதான். எந்த விகிதம் என்று மென்பொருள் உங்களைக் கேட்கிறது, அல்லது கேட்காமலே ஒன்றைப் போட்டுக்கொள்கிறது.

## ஒரு கட்டணத்துக்கு எத்தனை விகிதம்?

"இன்றைய டாலர் விலை" என்று ஒன்றே ஒன்று இருப்பதுபோலத்தான் பேசுகிறோம். ஒரே கட்டணத்தின் மேல் குறைந்தது இத்தனை விகிதங்கள் நிற்கின்றன:

1. சந்தையின் நடு விகிதம். வங்கிகளுக்கிடையே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. தேடுபொறியில் தட்டினால் வருவது பெரும்பாலும் இதுதான். நொடிக்கு நொடி நகரும், சாதாரண வாடிக்கையாளர் யாருக்கும் அப்படியே கிடைக்காது.
2. மத்திய வங்கிகளின் குறிப்பு விகிதம். ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாட்களில் மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை 4 மணி வாக்கில் வெளியிடுகிறது, நாளுக்கு ஒரு முறைதான். இது தகவலுக்காக மட்டுமே என்று அந்த வங்கியே சொல்கிறது. சனி ஞாயிறில் புதிது வராது, ஆனால் உங்கள் சந்தா ஞாயிற்றுக்கிழமையும் போகும்.
3. கார்டு வலையமைப்பின் விகிதம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தங்கள் விகிதத்தைத் தாங்களே நாள்தோறும் நிர்ணயிக்கின்றன.
4. கார்டு கொடுத்த வங்கி மேலே போடும் கட்டணம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்ற பெயரில் ஒரு சதவீதம் சேர்க்கும். சில கார்டுகளில் இது இல்லை. சில ஸ்டேட்மென்ட்டில் தனி வரியாக வரும், சிலவற்றில் தொகைக்குள்ளேயே கலந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையத்தில் தெரியும் விகிதம் 80. அதன்படி 9.99 டாலருக்கு 799.20 ரூபாய், தானாக விகிதம் எடுக்கும் மென்பொருள் இதைத்தான் பதியும். கார்டு வலையமைப்பின் விகிதம் 80.45 என்றால் 803.70. அதன் மேல் வங்கி 3 சதவீதம் போட்டால் 24.11. ஆக, உங்கள் கணக்கிலிருந்து போவது 827.81. வித்தியாசம் 28 ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு மாதமும் இப்படி விட்டுவிட்டால், வருடக் கடைசியில் கார்டுக் கணக்கின் இருப்பு எங்கேயோ இருக்கும், ஒரு தனி வரியைக் காட்டி இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தேதியும் சேர்ந்து குழப்பும். கடைக்காரர் தொகையை நிறுத்திவைக்கும் நாள் ஒன்று, கட்டணம் இறுதியாகி ஸ்டேட்மென்ட்டில் ஏறும் நாள் வேறு. முதல் நாளில் ஆப்பில் "நிலுவையில்" என்று காட்டும் ரூபாய்த் தொகை வெறும் உத்தேசம். அதைப் பார்த்துப் பதிந்தால் இரண்டு நாளில் மாறிப்போயிருக்கலாம்.

## விகிதத்தைக் கொடுக்காதீர்கள், மொத்தத்தைக் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் போய் முடிந்த பிறகு உங்களுக்குத் தெரிந்த உறுதியான எண்கள் இரண்டு: விலைச்சீட்டில் உள்ள டாலர் தொகை, ஸ்டேட்மென்ட்டில் உள்ள ரூபாய்த் தொகை. விகிதம் என்பது இவற்றை வகுத்தால் வருகிற விடை. நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்: விகிதத்தை உள்ளே கொடுத்து ரூபாய்த் தொகையை மென்பொருளிடம் கேட்கிறோம். எந்த விகிதமும் அந்த எண்ணைச் சரியாகத் தரப்போவதில்லை.

சரியான விகிதத்தைக் கொடுத்தால்கூட இடறும். 827.81 வகுத்தல் 9.99 என்பது 82.8638 என்று ஓடுகிறது. அதை 82.86 என்று சுருக்கி எழுதினால் திரும்பப் பெருக்கும்போது 827.77 வரும், நாலு பைசா குறைவு. நாலு பைசா யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். பிரச்சினை தொகை இல்லை, இருப்பு ஒட்டாமல் போவதுதான்: ஒட்டாத கணக்கில் நாலு பைசாவைத் தேடுவதும் நாலாயிரத்தைத் தேடுவதும் ஒரே வேலைதான்.

நல்ல மென்பொருள்கள் இதற்கு இடம் வைத்திருக்கின்றன. குனூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருளில் ஒரு பதிவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எண்கள் சேமிக்கப்படும்: அந்தக் கணக்கின் சொந்த நாணயத்தில் எவ்வளவு, அந்தப் பதிவின் நாணயத்தில் அதன் மதிப்பு எவ்வளவு. நாணயம் மாறும்போது திறக்கும் சிறு சாளரத்திலும் விகிதத்தைக் கொடுக்கலாம், அல்லது போய்ச்சேரும் தொகையைக் கொடுக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். லெட்ஜர், எச்லெட்ஜர், பீன்கவுண்ட் போன்ற எளிய உரைக் கோப்பில் எழுதும் கணக்கு முறைகளில் @ என்று ஒரு குறி போட்டால் ஓர் அலகின் விலை, @@ என்று இரண்டு போட்டால் மொத்த விலை. அந்த இரண்டாவது குறி இருப்பதே இந்தச் சில்லறைத் தொல்லைக்காகத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

## உங்களுக்குப் பல நாணய வசதி வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் பலருக்கு என் பதில்.

கார்டு ரூபாயில், செலவை நீங்கள் பார்ப்பது ரூபாயில், டாலர் என்பது கடைக்காரரின் விலைப்பட்டியலில் மட்டும் இருக்கிறது என்றால் உங்கள் புத்தகத்துக்குள் டாலர் வரவே தேவையில்லை. கார்டுக் கணக்கும் ரூபாய், செலவுக் கணக்கும் ரூபாய். 827.81 போனது, 827.81 செலவு. விவரக் குறிப்பில் "9.99 டாலர்" என்று எழுதிவைத்தால் போதும். வங்கிக் கட்டணத்தை மட்டும் தனியாகப் பார்க்க விரும்பினால் 803.70 சந்தாவுக்கு, 24.11 வங்கிக் கட்டணத்துக்கு என்று பிரித்து எழுதலாம். ஒரு வருடம் இப்படிப் பிரித்துப் பார்த்தால், கட்டணம் இல்லாத கார்டுக்கு மாறுவது பயனுள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இதற்குப் போய் டாலரில் ஒரு செலவுக் கணக்கைத் திறக்கிறவர்கள் உண்டு. திறந்தால் அறிக்கை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்தச் செலவை ஏதோ ஒரு விகிதத்தில் ரூபாயாக்கிக் காட்டும், அறிக்கையின் அமைப்பைப் பொறுத்துப் போன வருடச் செலவு இந்த வருடம் வேறு எண்ணாகத் தெரியலாம். கொடுத்து முடித்த பணத்தின் அளவு மாறக் கூடாது.

பல நாணய வசதி உண்மையில் தேவைப்படுவது இந்த இடங்களில்:

1. டாலரிலேயே இருப்பு வைத்திருக்கும் வங்கிக் கணக்கோ பணப்பையோ உங்களிடம் இருந்து, சந்தா அதிலிருந்து போனால்.
2. வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கி மாதத் தவணை கட்டினால்.
3. வெளிநாட்டு நாணயத்தில் சம்பாதித்து, அதிலேயே கொஞ்சம் செலவழித்து, மீதியை மாற்றிக்கொண்டால்.

பொதுவான அடையாளம் ஒன்றுதான்: பணம் உங்கள் கையில் இருக்கும்போதே வேறு நாணயமாக இருக்கிறது, அல்லது நீங்கள் தர வேண்டிய கடன் வேறு நாணயத்தில் நிற்கிறது.

## டாலர் கணக்கிலிருந்து போகும் சந்தா

இங்கே நிலைமை தலைகீழ். கட்டணம் போகும் நாளில் மாற்றம் எதுவுமே நடப்பதில்லை. 10 டாலர் இருந்தது, 10 டாலர் போனது. மாற்றம் நடந்தது முன்பே, நீங்கள் ரூபாய் கொடுத்து டாலர் வாங்கிய அன்று. இருந்தாலும் அறிக்கை ரூபாயில் வேண்டும் என்பதால் அந்த 10 டாலருக்கு ஒரு ரூபாய் மதிப்புச் சொல்லியாக வேண்டும்.

100 டாலரை 80 வீதம் 8000 ரூபாய்க்கு வாங்கினீர்கள். அப்புறம் மூன்று மாதம், மாதம் 10 டாலர் சந்தா. அந்தந்த நாளின் விகிதம் 82, 84, 86. இப்போது இரண்டு வழிகள்:

1. அன்றைய விகிதம். செலவு 820 + 840 + 860 = 2520 ரூபாய். கையில் மீதி 70 டாலர், 86 வீதம் 6020. இரண்டும் சேர்ந்தால் 8540. போட்டது 8000 தானே? அந்த 540 நாணய ஏற்றத்தால் வந்த ஆதாயம்.
2. வாங்கிய விலை. செலவு 800 வீதம் 2400. மீதி 70 டாலர் வாங்கிய விலையில் 5600. சேர்ந்தால் 8000, ஆதாயம் எதுவும் இன்னும் தெரியவில்லை. மீதியை இன்றைய விகிதத்துக்கு மதிப்பிட்டால் 420 ஆதாயம் வெளியே வரும்.

முதல் வழியில் 540, இரண்டாவதில் 420. மீதி 120 எங்கே போனது? செலவுக்குள் மறைந்திருக்கிறது: 2520 என்று காட்ட வேண்டிய செலவு 2400 என்று குறைந்து தெரிகிறது. பணம் எங்கும் காணாமல் போகவில்லை, எந்தத் தலைப்பில் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது.

நிறுவனங்களுக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலை 21 முதல் வழியைச் சொல்கிறது: நடவடிக்கை நடந்த நாளின் விகிதத்தில் பதிய வேண்டும், பண இருப்பைக் காலக் கடைசியில் அன்றைய விகிதத்துக்கு மதிப்பிட வேண்டும், வித்தியாசத்தை லாப நட்டத்தில் காட்ட வேண்டும். விகிதம் பெரிதாக ஆடாத காலத்தில் மாதச் சராசரி போன்ற ஒன்றைப் பயன்படுத்தவும் அது அனுமதிக்கிறது. வீட்டுக் கணக்கு எழுதுபவரை எந்தத் தரநிலையும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் முதல் வழிதான் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் சந்தாவுக்கு இன்று என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதை அதுதான் மறைக்காமல் காட்டும். வருமான வரிக்காக நாணய ஆதாயத்தைக் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் அந்தச் சட்டம் சொல்லும் முறையைப் பின்பற்ற வேண்டும்.

குனூகேஷில் "டிரேடிங் கணக்குகள்" என்று ஒரு அமைப்பு உண்டு, தொடக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் நாணயம் மாறும் ஒவ்வொரு பதிவிலும் இடையில் இரண்டு வரிகளை அதுவே சேர்த்து, ரூபாய் ரூபாயோடும் டாலர் டாலரோடும் தனித்தனியே சமமாகும்படி வைத்துக்கொள்ளும். 540 போன்ற எண்கள் அங்கே தாமாகத் தேங்கும். பதிவேட்டில் வரிகள் கூடுவதைப் பார்த்துப் பயந்து அணைத்துவிடாதீர்கள்.

## தொடர் பதிவில் எதைப் பூட்டலாம், எதைத் திறந்து விடலாம்

தொடர் பதிவின் வார்ப்பில் விகிதத்தைப் பூட்டிவைத்தால் அது வைத்த அன்றே பழசாகத் தொடங்குகிறது. சாதாரண மாதங்களில் சில ரூபாய் பிசகும், அவ்வளவுதான். ஆனால் 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, 2011 செப்டம்பரிலிருந்து பிடித்துவைத்திருந்த ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற வரம்பைத் திடீரென்று கைவிட்டது. அன்றைக்கே ஒரு யூரோ ஏறக்குறைய ஒரு ஃபிராங்க் என்ற நிலைக்கு வந்தது. போலந்தில் சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் வாங்கியிருந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஃபிராங்கில் தவணை அதேதான், ஆனால் அவர்கள் தங்கள் நாட்டு நாணயமான ஸ்லோட்டியில் கொடுக்க வேண்டிய தொகை எகிறியது. விகிதம் பூட்டிய தொடர் பதிவு இருந்திருந்தால், அந்த மாதமும் பழைய தொகையையே சத்தமில்லாமல் பதிந்துவிட்டிருக்கும்.

எனவே:

1. பெறுபவர், கணக்குகள், நாள், டாலர் தொகை: இவற்றை வார்ப்பில் பூட்டலாம்.
2. ரூபாய்த் தொகையைப் பூட்டாதீர்கள். மென்பொருள் வெறுமையாக விட அனுமதித்தால் வெறுமையாக விடுங்கள், இல்லையென்றால் போன மாதத் தொகையை உத்தேசமாக வைத்து, இன்னும் ஒப்பிடப்படாதது என்ற நிலையில் பதிவை நிறுத்துங்கள்.
3. "தானாகப் பதி" என்பதைத் தவிர்த்து "கேட்டுவிட்டுப் பதி" அல்லது நினைவூட்டல் என்று வையுங்கள்.
4. ஸ்டேட்மென்ட் வந்ததும் உறுதியான தொகையைப் போட்டு ஒப்பிடுங்கள்.

குனூகேஷில் வேறு நாணயக் கணக்குகள் கலந்த தொடர் பதிவு ஓடும் நேரத்தில் "இந்த நாணயத்திலிருந்து அந்த நாணயத்துக்கு" என்ற பெயரில் ஒரு மாறி தோன்றி, அதற்கு மதிப்புக் கேட்கும். பலர் இதைப் பிழைச் செய்தி என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். அது விகிதத்தைக் கேட்கும் இடம். ஸ்டேட்மென்ட் கையில் இருந்தால் வகுத்து, தசம இடங்களைச் சுருக்காமல் கொடுக்கலாம், இல்லையென்றால் தோராயமாகக் கொடுத்து அப்புறம் பதிவில் தொகையைத் திருத்தலாம். எளிய உரைக் கோப்பு முறைகளில் ~ குறியோடு எழுதும் காலமுறைப் பதிவுகள் வேறு வகை: லெட்ஜரிலும் எச்லெட்ஜரிலும் அவை பட்ஜெட்டுக்கும் முன்கணிப்புக்கும்தான், கோப்பில் உண்மையான பதிவை எழுதுவதில்லை.

## வழியில் வரும் இடறல்கள்

பணம் திரும்பி வந்தால்: 9.99 டாலர் முழுதாகத் திரும்பினாலும் அன்றைய விகிதத்தில்தான் ரூபாயாகும், கொடுத்த அதே 827.81 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய பதிவை அழித்துச் சரிசெய்யாமல் புதுப் பதிவாகவே எழுதுங்கள், வித்தியாசம் நாணய இழப்பாகவோ வங்கிக் கட்டணமாகவோ நிற்கட்டும்.

கடைக்காரரே மாற்றித் தந்தால்: பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாணயத்திலேயே கட்டலாம்" என்று கேட்பார்கள். கணக்கெழுத வசதிதான், தொகை அப்போதே தெரிந்துவிடும். ஆனால் அந்த விகிதத்தைப் போடுவது அவர்கள் தரப்பு, பொதுவாக அதில் அவர்களுக்கு லாபம் சேர்த்திருப்பார்கள்.

தசம இடங்கள்: ஐஎஸ்ஓ 4217 தரநிலையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டோடு எத்தனை தசம இடம் என்பதும் உண்டு. ஜப்பானிய யென்னுக்குச் சில்லறையே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று இடம். எல்லாவற்றுக்கும் இரண்டு இடம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் தினார் பதிவுகள் ஒட்டவே ஒட்டாது.

நாணயமே மறைந்தால்: குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஒரு யூரோவுக்கு 7.53450 குனா என்ற நிலையான விகிதத்தில் யூரோவுக்கு மாறியது. குனாவில் இருந்த தொடர் பதிவைத் திருத்தாமல், பழையதை முந்தைய மாதத்தோடு முடித்துவிட்டு யூரோவில் புதிதாகத் தொடங்குவதுதான் சுத்தம்.

## அடுத்த மாதங்களுக்கு என்ன எண் போடுவது?

நடந்ததைப் பதிவதில் உத்தேசத்துக்கு இடமில்லை. பட்ஜெட்டில் உத்தேசம் மட்டுமே இருக்கிறது, அங்கே இணைய விகிதத்தை எடுப்பதில் தவறில்லை, ஆனால் வங்கிக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த சில மாத ஸ்டேட்மென்ட்டில் உங்களுக்கு உண்மையில் விழுந்த விகிதங்களில் உயர்ந்ததை எடுத்து அதையும் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் போதும், நம் 9.99 டாலருக்கு 850 என்று போட்டுவிடலாம். வருடச் சந்தாவுக்கு இதைவிடத் தாராளமாக ஒதுக்க வேண்டும்: மாதச் சந்தாவில் ஏற்ற இறக்கம் பன்னிரண்டு நாட்களுக்குப் பரவிவிடுகிறது, வருடச் சந்தாவில் மொத்தத் தொகையும் எந்த நாளில் புதுப்பிக்கிறதோ அந்த ஒரு நாளின் விகிதத்தில் மாட்டிக்கொள்கிறது. அதற்கான நினைவூட்டலைப் புதுப்பிக்கும் நாளில் வைக்காமல் இரண்டு வாரம் முன்னதாக வைத்தால், தொடர்வதா நிறுத்துவதா என்று யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.